வெற்றிலையில் மடித்த மாத்திரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில், இந்தப் பொம்பளையை யார் அரசாங்க வேலையில் வைத்தது என்று கேட்பீர்கள். செந்துறையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் தள்ளியிருக்கும் ஒரு சுகாதார நிலையத்தில் பதினேழு வருடமாக நான் மருந்தாளுநர். பெயர் லீலாவதி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே யாருக்கும் நேரம் கிடையாது. மருந்து ஜன்னலுக்கு இந்தப் பக்கம் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது நர்சம்மா, அவ்வளவுதான். “நான் நர்ஸ் இல்லீங்க, என் பேரு லீலாவதி” என்று முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தேன். “சரிங்க நர்சம்மா” என்றார்கள். விட்டுவிட்டேன்.

காலை எட்டு மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை இருநூறு கைகளாவது அந்த ஜன்னலுக்குள் நீளும். இது காலையில, இது ராத்திரி, இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி. ஓர் ஆளுக்கு முக்கால் நிமிடம். அந்த முக்கால் நிமிடத்தில் நான் சொன்னதையெல்லாம் அவர்கள் வீட்டுக்குப் போய் அப்படியே செய்வார்கள் என்று நம்பினால் சம்பளம் வாங்கலாம், நிம்மதியாகத் தூங்கலாம். நான் நம்பினதில்லை. அதனால்தான் கத்துவேன். ஆனால் நான் சொல்ல வந்தது என் கதை இல்லை, பொன்னம்மாள் கதை.

பொன்னம்மாளுக்கு ஐம்பது வயது. பிறந்தது வேப்பந்தட்டைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது இங்கே. கணவர் முத்துசாமி சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார், சுரங்கத்திலிருந்து சிமெண்டு ஆலைக்கு. ஒரே மகள் பூங்குழலியைத் தா.பழூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பொன்னம்மாளுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டைத் தோலில் இருக்கும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தடித்துப் போயிருக்கும். ஜன்னலுக்குள் நீளும் இருநூறு கைகளில் அந்தக் கையை மட்டும் முகம் பார்க்காமலே எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தால் முதலில் தெரிவது உதடு. கல்யாணமான நாளிலிருந்து வெற்றிலை போடுகிற வாய், எப்போதும் சிவந்துதான் இருக்கும்.

நாலு வருடத்துக்கு முன் அவளுக்கு உடம்பு உப்ப ஆரம்பித்தது. குரல் கரகரத்தது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, எந்நேரமும் தூக்கம். கொட்டை உடைத்துக்கொண்டே கண்ணயர்ந்து கட்டை விரலில் போட்டுக்கொண்டு வந்தபோதுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு. தொண்டைக்குள் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி மந்தமாகிவிட்டால், அது சுரக்க வேண்டியதை நாம் வெளியிலிருந்து மாத்திரையாகக் கொடுக்க வேண்டும். மாத்திரை என்று பேரே தவிர, உள்ளே இருக்கிற மருந்து எவ்வளவு தெரியுமா? ஒரு கடுகை எடுத்து இருபது துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு. மீதியெல்லாம் மாவு. அந்தத் துளி மருந்துதான் ஓர் ஆள் எழுந்து நடக்கவும், சூடு குளிர் தெரியவும், நெஞ்சு ஒழுங்காக அடிக்கவும் காரணம்.

பொன்னம்மாளுக்கு ஐம்பது மைக்ரோகிராமில் ஆரம்பித்தார்கள். ஆறு வாரம் கழித்து ரத்தம் அரியலூருக்குப் போய் வந்தது. மருந்து போதவில்லை என்றால் ஏறியே இருக்கும் ஓர் எண் உண்டு, அது ஏறியே இருந்தது. எழுபத்தைந்தாக்கினார்கள். அப்புறம் நூறு. நூற்றைம்பது. கடைசியில் இருநூறு. அவள் எடைக்கு எண்பதே தாராளம். இருநூறு போட்டும் அந்த எண் அசையவில்லை. அவளும் அதே உப்பிய முகத்தோடும் அதே கரகரத்த குரலோடும் மாதா மாதம் வந்து நின்றாள்.

மாத்திரையை வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் அடுக்கிவைக்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதுவும் அந்தக் கதைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். போன மாசி மாதம், வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது, அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“பொன்னம்மாக்கா, உண்மையச் சொல்லுங்க. மாத்திரையப் போடுறீங்களா, கொல்லையில வீசுறீங்களா?”

“தெனமும் போடுறேங்க நர்சம்மா. ஒரு நாளு தப்பல.”

“வெறும் வயித்துலயா?”

“பச்சத் தண்ணி பல்லுல படுறதுக்கு முன்னாடி.”

“அப்பறம் ஏன் ரத்தத்துல காணும்? பறந்து போயிடுச்சா? மாத்திரை என்ன காக்காயா?”

வரிசை சிரித்தது. கூட்டம் சிரித்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் வாய் வரும், அது என் கெட்ட புத்தி. அவளுடைய நோட்டை இழுத்து, சிவப்புப் பேனாவால் எழுதினேன்: ‘மாத்திரை சாப்பிடுவதில்லை. பொய் சொல்கிறார்.’ இரண்டாவது வாக்கியம் தேவையே இல்லை. பேனா கையில் இருந்தது, எழுதிவிட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு அந்தச் சிவப்பு எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “என்னா எழுதியிருக்கீங்க?” என்று கேட்டாள். “டாக்டருக்கு” என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பங்குனியில் அவள் மாரியம்மனுக்கு மாலை போட்டுக்கொண்டாள். நாற்பத்தெட்டு நாள் விரதம், மஞ்சள் சேலை, ஒருவேளைச் சாப்பாடு, முடிகிற அன்று தீமிதி. ஊரில் வருடா வருடம் யாராவது போடுவதுதான், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாதம் மாத்திரை வாங்க வந்தபோது நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த மாதம் வந்தாள் பாருங்கள், வரிசையே விலகி வழிவிட்டது. காலில் விழாத குறை. “அம்மா வந்திருக்கா, மொதல்ல வுடுங்க” என்று ஒரு கிழவர் எனக்கு உத்தரவு போட்டார். கறுத்த விரல்கள் ஜன்னலுக்குள் நீண்டன. நடுங்கிக்கொண்டிருந்தன. சாதாரண நடுக்கம் இல்லை, கையிலிருந்த நோட்டு படபடவென்று அடித்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தேன். உப்பிய முகம் வற்றிக் கன்னம் ஒட்டியிருந்தது. நெற்றியில் வியர்வை ஊற்றுகிறது. கண் ரெண்டும் பிதுங்கினாற்போல முழிக்கின்றன. ரவிக்கை தொளதொளத்துத் தோளில் நிற்கவில்லை.

பின்னால் நின்ற மலர்கொடி, பக்கத்துத் தெருக்காரி, ஆர்வத்தோடு விளக்கம் சொன்னாள். “மூணு வாரமா இப்படித்தாங்க. ராவும் பகலும் கண்ணு மூடல. ஒடம்பு அனலாக் கொதிக்குது. நெஞ்சுல கை வச்சா உடுக்கை அடிக்கிற மாதிரி அடிக்குது. வெள்ளிக்கிழம ஆனா இவங்க வூட்டு வாசல்ல உக்கார எடமில்ல. துன்னூறு வாங்கப் பெரம்பலூர்லேருந்து ஆளு வருது!”

நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவோ ஒன்று குறைந்தது. உதடு வெளுத்திருந்தது.

“வெத்தலைய வுட்டுட்டீங்களா?”

“மாலை போட்டா போடக்கூடாதுங்களே. முப்பத்தெட்டு நாளாச்சு.” பிறகு, குற்றம் செய்தவள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வெத்தல இல்லாம மாத்திரையப் போடுறதுதான் ஒரு மாதிரியா இருக்கு. வெறும் தண்ணியில முழுங்குறேன்” என்றாள்.

எடுத்த மாத்திரையைக் கீழே வைத்தேன். “அப்ப இத்தன நாளு?”

அவள் நடுங்கும் கையாலேயே செய்து காட்டினாள். இடது உள்ளங்கையில் இல்லாத வெற்றிலையை வைத்து, நீவி, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பைத் தடவி, நடுவில் மாத்திரையை வைத்து, மடித்து, கடைவாயில் அதக்கினாள். “எங்கப்பா எந்த மருந்தும் வெத்தலச் சாத்துலதான் கொடுப்பாரு. அப்பதான் ஒடம்புல ஒடனே புடிக்கும்னு சொல்லுவாரு. நல்ல கொழுந்தா எடுத்து வைப்பேங்க, மருந்தாச்சே.”

அடிப் பாவி மவளே என்று எனக்குள் ஒரு சத்தம் வந்தது. அவளைச் சொல்லவில்லை, என்னைச் சொன்னேன். சுண்ணாம்பு என்றால் கால்சியம். கால்சியம் மாத்திரை வாங்குகிற ஒவ்வொரு பொம்பளையிடமும், “இதையும் தைராய்டு மாத்திரையையும் ஒண்ணாப் போடாதீங்க, நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்க” என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறவள் நான். பொன்னம்மாளிடம் நாலு வருடமாக நான் கேட்டது வெறும் வயிற்றிலா என்று மட்டும்தான். ஆமாம் என்றாள். சத்தியமான பதில். எங்கள் ஊரில் வெற்றிலையைச் சாப்பாட்டுக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? வெற்றிலை போடுவோம், சாப்பிட மாட்டோம். நான் கேட்ட கேள்விக்குள் வெற்றிலையே கிடையாது. மருந்துக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்து, கொழுந்தாகப் பார்த்து, தினமும் அந்த மருந்தைச் சுண்ணாம்போடு அவள் கையாலேயே கட்டிப்போட்டிருக்கிறாள். கட்டை மீறிக் கொஞ்சமாவது போகட்டும் என்று நாங்கள் இருநூறு வரைக்கும் ஏற்றிவிட்டோம். இப்போது சுண்ணாம்பு போய்விட்டது, இருநூறு அப்படியே இருக்கிறது.

ஜன்னலைச் சாத்தினேன். பதினேழு வருடத்தில் வரிசை நிற்கும்போது நான் ஜன்னலைச் சாத்தியது அன்றைக்குத்தான். அவளைக் கையைப் பிடித்து டாக்டர் ஆர்த்தியிடம் இழுத்துக்கொண்டு போனேன். புதிதாக வந்த சின்னப் பெண், கெட்டிக்காரி. நாடி பிடித்ததும் முகம் மாறியது. நிமிடத்துக்கு நூற்று முப்பத்தாறு, அதுவும் ஒழுங்கில்லாமல், விட்டு விட்டு. “இந்த நெஞ்சோட தீமிதிக்க ஓடினாங்கன்னா, குழிக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர மாட்டாங்க” என்றாள். அன்றைக்கே ஆம்புலன்சில் அரியலூருக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். ரத்தத்தில் மருந்து நிரம்பி வழிவதாக முடிவு வந்திருந்தது. மாத்திரையை நாலு வாரம் நிறுத்த வேண்டும், நெஞ்சை அடக்க வேறொரு மாத்திரை, வெயிலில் நடை கூடாது, தீமிதி கூடவே கூடாது.

மறுநாள் காலை முத்துசாமி ஜன்னலுக்கு வந்தார். பேசவே பேசாத மனுஷன், அன்றைக்கு முகம் சிவந்திருந்தது. “ஏங்க, தீமிதிக்கு இன்னும் ஆறு நாளு கெடக்கு. அதான் மாத்திரைய நிறுத்திட்டீங்கல்ல, அப்பறம் என்னா? அதுக்குள்ள எல்லாம் வடிஞ்சிடாதா?”

“வடியாதுங்க. தலவலி மாத்திரை மாதிரி இது காலையில போட்டு சாயங்காலம் போறது இல்ல. இன்னிக்கி உள்ள இருக்கறதுல பாதி அடுத்த வாரமும் உள்ளதான் இருக்கும். அதுல பாதி அதுக்கடுத்த வாரமும் இருக்கும்.”

“மொதப் பூங்கரகம் அவதான் தூக்கணும்னு ஊரே முடிவு பண்ணிருச்சுங்க” என்றார். கோபம் போய்க் குரல் கெஞ்சியது. “கல்யாணமாகி முப்பது வருஷத்துல இந்த ஊரு இப்பதாங்க அவள நிமிந்து பாக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. மாசியில் அந்தப் பொம்பளையைக் குனிய வைத்தது யார்? அன்று மாலை வேலை முடிந்ததும் நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் பத்துப் பன்னிரண்டு செருப்பு. உள்ளே பொன்னம்மாள் பாயில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தட்டு நிறைய எலுமிச்சம்பழம். கோயில் நிர்வாகி சிவசுப்பிரமணியன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் தெருப் பெண்கள். நான் போனதும் பேச்சு நின்றது. சுற்றி வளைக்க எனக்கு வராது. இது சாமி இல்லை, மருந்து அதிகமானதால் வந்த நடுக்கம், தீயில் இறங்கினால் உயிருக்கு ஆபத்து என்று போட்டு உடைத்தேன்.

நிர்வாகி எழுந்துவிட்டார். “மருந்து ஒங்க டிப்பார்ட்மெண்டு, அதோட நின்னுக்குங்க. சாமி விசயத்துல வாய வச்சீங்கன்னா நல்லாருக்காது.”

“நெஞ்சும் என் டிப்பார்ட்மெண்டுதாங்க. அது நின்னு போச்சுன்னா அம்மனா பதில் சொல்லுவா, நீங்களா?”

“இருங்க” என்றாள் பொன்னம்மாள். அந்த வீட்டில் அவள் குரலுக்கு அன்றைக்கு மதிப்பு இருந்தது, எல்லோரும் அடங்கினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். “நர்சம்மா, மாத்திரை உள்ள போயி என்னாதான் பண்ணுது? மொதல்லேருந்து சொல்லுங்க. எனக்குப் புரியணும்.”

பதினேழு வருடத்தில் இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். பாயில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

“வயித்துல போயி மொதல்ல கரையும். கரைஞ்சு கொடலுக்கு எறங்கும். கொடல் செவுரு ஒரு சல்லடைங்க. நீங்க பருப்புச் சலிக்கறீங்கல்ல, அந்த மாதிரி. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. மருந்து தனியாப் போனா அதுல பூந்து ரத்தத்துக்குள்ள போயிடும். சுண்ணாம்பு கூடப் போனா அது மருந்தக் கெட்டியாப் புடிச்சுக்கும். ரெண்டும் சேந்து கட்டியாயிடும். கட்டி சல்லடையில எறங்குமா?”

“எறங்காது. மேலயே நிக்கும்.”

“நின்னு, காலையில வெளிய போயிடும். அதான் ரத்தத்துல காணும். எறங்கினது மட்டும் ரத்தத்துல ஏறும். அதுவும் சும்மா மிதந்து போறதில்ல. பஸ்ஸுல கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி, ரத்தத்துல இருக்கற ஒண்ணப் புடிச்சுக்கிட்டே ஒடம்பு பூராச் சுத்தும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கைய வுடும். கைய வுட்ட எடத்துல வேலை செய்யும். நெஞ்சுல எறங்கினா நெஞ்ச ஓட்டும், கொடல்ல எறங்கினா அத ஓட்டும். இப்ப வெத்தல இல்ல, கட்டியும் இல்ல. நாங்க ஏத்தி வச்ச மருந்து அம்புட்டும் சல்லடையில எறங்கி உள்ள நிக்குது. கூட்டம் தாங்காம ஒங்க ஒடம்பு ஓடுது. அதான் நடுக்கம், அதான் தூக்கம் வரல.”

அவள் தரம் பிரிக்கிற முந்திரிப் பருப்பைப் பார்ப்பது போல என் வாயையே பார்த்துக் கேட்டாள். ஒன்றும் தப்பவிடவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப, நாலு வருஷமா நான் மாத்திரை போட்டதென்னமோ நெசந்தான?”

“நெசந்தாங்க.”

“ஒரு நாளும் வீசல.”

“வீசலங்க. எனக்கு இப்பத் தெரியுது.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துப் பார்த்தாள், அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை. நிர்வாகி பக்கம் திரும்பினாள்.

“எனக்கு அம்மா வரலீங்க. நீங்கள்லாம் சொன்னீங்க. வந்துச்சுன்னு நான் ஒரு நாளும் சொல்லல. எனக்கே சந்தேகந்தான். அம்மா வந்தா மனசு குளுந்து கெடக்குமாம், எனக்குப் பயமால்ல இருந்துச்சு. இது மருந்துதான். கரகத்த வேற ஆளுக்குக் குடுத்துருங்க.”

நான் அசந்துபோனேன். ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் போதும், அந்த மரியாதை அவளிடமே இருந்திருக்கும். உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கரகத்தை மட்டும் தட்டிக் கழித்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் அப்படிச் செய்யவில்லை. நிர்வாகி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மலர்கொடி தான் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை எடுப்பதா விடுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எடுத்துக்கொண்டே போனாள். முத்துசாமி சுவரோடு நின்றார்.

“எதுக்குங்க மாலை போட்டீங்க?” என்று கேட்டேன்.

“அது எனக்கும் அம்மனுக்கும் நடுவுல” என்றாள்.

தீமிதி அன்று நானும் போயிருந்தேன். பொன்னம்மாள் மஞ்சள் சேலையோடு கூட்டத்தின் ஓரமாக நிழலில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளுக்கு வழிவிடவில்லை, யாரும் அவளை ஏசவும் இல்லை, ஊருக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது. பூசாரி கையால் மாலையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள். நடுக்கம் அடங்க மேலும் மூன்று வாரம் ஆயிற்று. வெள்ளிக்கிழமைகளில் அவள் வாசல் பழையபடி காலியானது.

நாலு வாரம் கழித்து டாக்டர் ஆர்த்தி எழுபத்தைந்தில் மறுபடி ஆரம்பித்தாள். விடியற்காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரோடு மாத்திரை. வெற்றிலை பத்து மணிக்கு மேல்தான். அதையும் விட்டுவிட்டால் நல்லது, வாய்ப்புற்று வரும் என்று சொல்லிப் பார்த்தேன். “எல்லாத்தையும் ஒரே நாளுல புடுங்காதீங்க” என்றாள். சரி, அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். இப்போதெல்லாம் ஜன்னலில் யார் வந்தாலும், எதோடு போடுறீங்க, போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு என்ன வாயில போவுது என்று கேட்கிறேன். முக்கால் நிமிடம் ஒன்றரை நிமிடமாகிவிட்டது. வரிசை என்னைத் திட்டுகிறது, திட்டட்டும்.

ஆவணியில் அவளுடைய ரத்தம் அரியலூருக்குப் போய் வந்தது. இரண்டரை. ஒழுங்கான எண். நாலு வருடத்தில் முதல் தடவை. அவள் ஜன்னலுக்கு வந்தபோது நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நோட்டைத் திறந்து, ஒரு பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்த இடத்தை எடுத்து, கறுத்த விரலால் தொட்டுக் காட்டினாள். மாசி மாதம். சிவப்பு எழுத்து.

“சிவராத்திரிக்குப் பூங்குழலி வந்துச்சு. என்னா எழுதியிருக்கு, படிடின்னு குடுத்தேன். படிச்சுட்டு அழுவுது. ஏம்மா, மாத்திரையத்தான் போட்டுத் தொலையேன்னு எங்கிட்டயே சொல்லுது. பெத்த பொண்ணே நம்பல, எழுதிப் போட்டுட்டீங்கல்ல.” குரலை உயர்த்தவே இல்லை. “அன்னிக்கித்தாங்க வேண்டிக்கிட்டேன். ஒடம்பு சரியாவணும்னு வேண்டிக்கல. இந்த எழுத்து அழியணும்னு வேண்டிக்கிட்டேன். அம்மா அவ பங்குக்கு என் வாயிலேருந்து வெத்தலையப் புடுங்கிட்டா. மிச்சத்த நீங்க பண்ணுங்க.”

பேனாவை எடுத்து அந்த இரண்டு வாக்கியங்களையும் அடித்தேன். எழுத்து தெரியாத அளவுக்கு, தாள் கிழிகிற அளவுக்கு அடித்தேன். கீழே எழுதினேன். அவள் நோட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

“படிங்க.”

“‘பொன்னம்மாள் நான்கு வருடமாக நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார்…’”

“சத்தமாப் படிங்க. அன்னிக்கி சத்தமாத்தான பேசுனீங்க.”

வரிசையில் இருபத்தைந்து பேர் இருந்தார்கள். மாசியில் சிரித்தவர்களில் பாதிப் பேராவது அதில் இருந்திருப்பார்கள். மலர்கொடியும் நின்றாள். நான் எழுந்து நின்று படித்தேன். “‘பொன்னம்மாள் நான்கு வருடமாக நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். அவர் சொன்னது உண்மை. கேட்காதது என் தவறு. லீலாவதி, மருந்தாளுநர்.’” யாரும் சிரிக்கவில்லை.

அவள் நோட்டை வாங்கி முந்தானையால் துடைத்தாள்.

“லீலாவதிங்கறது யாருங்க?”

“நான்தாங்க.”

“அப்ப நீங்க நர்சம்மா இல்லியா?”

“இல்லீங்க.”

“அட, மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேங்க” என்றேன். “ரெண்டு வருஷம் சொன்னேன். யாரும் காதுல வாங்கல.”

பொன்னம்மாள் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஆமாங்க” என்றாள். “அது கஷ்டமாத்தான் இருக்கும்.”